பிள்ளைக் காம்பராவில் ஓர் இழைய வளர்ப்புக் கூடம்: போத்தல்கள் கெட்ட காரணத்தைத் தேடியபோது

நுவரெலியா மாவட்டத்தில், கந்தப்பளைக்கும் ராகலைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒன்பது பெண்கள் சேர்ந்து சின்னதாக ஓர் இழைய வளர்ப்புக் கூடம், அதாவது செடியின் சிறு துண்டைப் போத்தலுக்குள் கிருமியில்லாமல் வளர்த்துப் பெருக்கும் இடம், நடத்துகிறார்கள். 2023 ஓகஸ்ட் முதல் 2024 ஒக்டோபர் வரை அங்கே நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பன்னிரண்டு வருடம் ஆய்வுகூடங்களில் இதே வேலை செய்தவள் என்பதால், மாதம் இரண்டு தடவை போய்ப் பயிற்சி கொடுத்தேன். ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. எண்களெல்லாம் கூடத்துக் கொப்பியில் இருந்தவை.

ஒரு தொழில்நுட்பப் பிழையும், அதனால் ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயமும் இந்தச் சம்பவத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதை எழுத என்னால் முடியவில்லை.

பின்னணி

தோட்டத்தில் புதிய பிள்ளைக் காம்பரா (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம்) கட்டிய பிறகு பழையது பூட்டிக் கிடந்தது. தகரக் கூரை, சீமெந்துத் தரை, இரண்டு அறை. அதைத்தான் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் கொழுந்து எடுப்பவர்கள், இரண்டு பேர் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர்கள், ஒருவர் கொழும்பில் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்.

எதற்கு இழைய வளர்ப்பு? விதைக்கிழங்குக்காக. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், கோவாவோடு உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். கிழங்குச் செய்கையில் விதைதான் பெரிய செலவு. ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 800 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிற விதை, கையில் காசு உள்ள விவசாயிக்குத்தான் எட்டும். மற்றவர்கள் போன போகத்துக் கிழங்கில் பொடியானதைப் பொறுக்கி வைத்து, அதையே திரும்பப் போடுகிறார்கள். அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும் இலைச்சுருள் வைரசும் வை (Y) வைரசும் அந்தக் கிழங்குக்குள்ளேயே தங்கி, போகத்துக்குப் போகம் கூடிக்கொண்டே போகும். செடி பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும், தோண்டினால் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு கிடைக்கும். வைரசுக்கு அடிக்க மருந்து கிடையாது.

வைரசைக் கழற்றும் வழியைப் பிரான்சில் மொரெல், மார்ட்டின் என்ற இருவர் 1952இல் டேலியாப் பூச்செடியில் காட்டினார்கள். செடி முழுக்க வைரசு இருந்தாலும் குருத்தின் நுனியில், அரை மில்லிமீற்றரும் வராத வளர்முனையில், அது பெரும்பாலும் இருக்காது. அந்த நுனியை வெட்டிக் கிருமியில்லாத ஊடகத்தில் (செடிக்கு வேண்டிய சத்துக் கலந்த களி) வளர்த்தால் சுத்தமான செடி கிடைக்கும். இந்த முதல் கட்டத்துக்கு நுணுக்குக்காட்டியும் வைரசுச் சோதனையும் வேண்டும், பிள்ளைக் காம்பராவில் அது நடக்காது. ஆனால் சுத்தமான செடி ஒன்று போத்தலில் கைக்கு வந்துவிட்டால், அதைக் கணுக் கணுவாக வெட்டிப் பெருக்க நுணுக்கமான கை போதும்.

அந்தக் கை இவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. வீ.பி. தேயிலைக் கன்றுக்கு, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து எடுக்கும் கன்றுக்கு, ஓர் இலை, அதன் கக்கத்தில் ஓர் அரும்பு, கீழே துண்டுத் தண்டு என்று வெட்டி மண் நிரப்பிய உறையில் ஊன்றுவார்கள். போத்தலுக்குள் உருளைக்கிழங்குக்குச் செய்வதும் அதேதான், மண்ணுக்குப் பதில் ஊடகம். நர்சரியில் வேலை செய்த பெண் முதல் நாளே, "இதுவும் நம்ம வீ.பி. மாதிரித்தானுங்க மிஸ், உள்ளங்கையில அடங்குற வீ.பி." என்றார். நான் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததை விட அந்த ஒரு வரி மற்றவர்களுக்கு விளங்கியது. கணுவிலுள்ள அரும்பிலிருந்தே செடி வருவதால் தாய்ச்செடியின் குணம் மாறாது. உருவமில்லாத கலத்திரளாக வளர்த்து அதிலிருந்து செடி எடுத்தால் குணம் பிசகலாம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

கூடம் அமைத்த விதம்

ஊடகம், 1962இல் முரசிகே, ஸ்கூக் இருவரும் புகையிலை இழையத்துக்காகக் கணக்கிட்ட அதே உப்புக் கலவை. உலகம் முழுக்க எம்.எஸ். என்று அழைப்பார்கள். லீற்றருக்கு 30 கிராம் சீனி, 7 கிராம் அகார், பி.எச். (அமிலத் தன்மையின் அளவு) 5.8. கடையில் கடற்பாசி என்று விற்கும் அகாரையே வாங்கினோம்.

காற்று வடிக்கும் பெட்டி வாங்கக் காசில்லை. மீன் தொட்டியொன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, முன்னால் கை நுழைய இரண்டு துளை விட்ட பொலித்தீன் ஒட்டினோம். காற்று அசையாத பெட்டிக்குள் தூசி இறங்கி அடங்கிவிடும், இந்த வேலைக்கு அது போதும். சாவணத்தையும் (செடியைப் பிடிக்கும் இடுக்கி) கத்தியையும் மதுசாரத்தில் தோய்த்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். வளர்ப்பு அறையின் சுவருக்கு ரெஜிபோம் என்ற நுரைப் பலகை அடித்து, எல்.ஈ.டி. குழல் விளக்கை ஒரு நாளில் 16 மணித்தியாலம் எரியவிட்டோம்.

ஊடகத்தைக் கிருமிநீக்க, ஹோட்டல் சமையலறையில் பாவிக்கிற பெரிய பிரஷர் குக்கர் ஒன்று. சுவரில் என் கையால் எழுதி ஒட்டிய தாளில் இப்படி இருந்தது: "அழுத்தம் 15 இறாத்தல், 121 பாகை, 20 நிமிடம்." எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். இந்தத் தாள் பின்னால் மறுபடி வரும்.

போத்தல்களைச் சுற்றி நிறம் மாறும் நாடாவும் ஒட்டினோம். குக்கரிலிருந்து எடுத்தால் அதில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கோடு விழுந்தால் சரி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

2023 ஓகஸ்டில் அரச ஆய்வுகூடமொன்றிலிருந்து கிரனோலா என்ற உருளைக்கிழங்கு இனத்தில் 20 போத்தல் வந்தது. போத்தலுக்கு ஐந்து செடி. செடிக்கு நான்கு கணு கிடைத்தால் நான்கு வாரத்தில் 80 போத்தல், எட்டு வாரத்தில் 320 என்பது கணக்கு.

கெடத் தொடங்கியது

செப்டெம்பரில் போட்ட 80 போத்தலில் 19 கெட்டன. தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். மிச்சமான 61 போத்தலிலிருந்து ஒக்டோபரில் 244 போத்தல் போட்டார்கள். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தபோது 103 போத்தல் பாழாகியிருந்தது.

கூடத்தில் ஒரு விதி இருந்தது: சுத்தமாக வந்த போத்தலுக்கு 40 ரூபா, கெட்ட போத்தலுக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்ட விதிதான். அதனால் கொப்பியில் எந்தப் போத்தல் யார் கையால் போட்டது என்று மட்டும் எழுதுவார்கள். அந்தக் கணக்குப்படி, 'க' என்று நான் இங்கே குறிப்பிடும் பெண் போட்ட 110 போத்தலில் 67 கெட்டிருந்தது. பெட்டியில் வேலை செய்த மற்ற இருவரும் சேர்ந்து போட்ட 134இல் 36 மட்டுமே.

க-வுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள். கூடத்தில் வேகமான கை அவருடையது. மற்றவர் இரண்டு போத்தல் முடிக்கும்போது அவர் மூன்று முடிப்பார். அந்த மாதம் அவருக்கு விடாத இருமலும் இருந்தது. பேச்சு எப்படித் தொடங்கியதென்று தெரியாது. நான் போன அன்று "அந்தப் பிள்ளைக்குக் கைராசி இல்லீங்க மிஸ்" என்று ஒருவர் காதோடு சொன்னார். இன்னொருவர் இருமலைச் சொன்னார். குளிக்காமல் வருகிறார் என்றும் ஒரு பேச்சு வந்தது. லயத்துக்கு ஒரு வாரமாகக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராதபோது அந்தப் பேச்சு.

முதல் முடிவு

க-வைப் பெட்டி வேலையிலிருந்து எடுத்துப் போத்தல் கழுவும் வேலைக்கு விடச் சொன்னேன். அந்த முடிவு என்னுடையது. இருமல் உள்ளவர் திறந்த போத்தலுக்கு முன்னால் இருக்கக் கூடாது என்பது சரியான நடைமுறைதான். ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொன்ன விதத்தில், கெட்டதற்குக் காரணம் அவர்தான் என்று நானும் ஒத்துக்கொண்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அந்த மாதம் அவருக்குக் கிடைத்தது 1,720 ரூபா.

கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர் போடுவார்கள், அதாவது அரை நாள் சம்பளம்தான். பாட்டி காலத்திலிருந்து இந்தப் பெண்கள் வெறுத்து வந்த விதி அது. அதையே சொந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்தோம் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போத்தலைப் பார்த்தல்

இரண்டு வாரம் கழித்துப் போனபோது 103 போத்தலும் கழுவாமல் விறாந்தையில் அடுக்கியபடி இருந்தது. தண்ணீர் பற்றாக்குறை. அன்று எரிச்சலாக இருந்தது, ஆனால் அப்படிக் கிடந்ததால்தான் உண்மை தெரிந்தது.

போத்தல் கெட்டிருக்கும் இடம் காரணத்தைச் சொல்லும். ஊடகத்தின் மேற்பரப்பில் பஞ்சுப்பொட்டு போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் காற்றிலிருந்து விழுந்த பங்கசு. சாவணம் பட்ட தடத்திலேயே கோடாகப் படர்ந்தால் கருவி சரியாகச் சுடவில்லை. செடியின் அடித்தண்டைச் சுற்றி மட்டும் பால் வளையம் கட்டி, அதுவும் வாரக்கணக்கில் கழித்து வந்தால், பற்றீரியா செடிக்குள்ளேயே குடியிருந்தது. ஊடகத்தின் உள்ளே, செடியிலிருந்து தள்ளி, அடிப்பக்கத்தில் கலங்கியிருந்தால் ஊடகமே வேகவில்லை.

ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். பெரிய ஜாம் போத்தல். செடி நிற்கும் மேல்பகுதி கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. கீழே, போத்தலின் நட்டநடுவில், சோற்றுக்கஞ்சி கலந்தது போல ஒரு வெண்மேகம். செடியின் வேர் இன்னும் அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை. எந்தக் கையும், எந்த இருமலும், எந்தச் சாவணமும் தொட முடியாத இடம் அது. அடுத்த போத்தலும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பத்துப் பன்னிரண்டு பார்த்த பிறகு தலைவியைக் கூப்பிட்டு, நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஆள்வாரியாக இல்லாமல் போத்தல் அளவு வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னேன்.

ஒக்டோபரில் சின்னப் போத்தல் தீர்ந்துபோய், ஹோட்டல்களில் சேர்த்த பெரிய ஜாம் போத்தல்களைப் பாவித்திருந்தார்கள். பெரியது 120, அதில் 84 கெட்டிருந்தது. சின்னது 124, அதில் 19. போத்தலில் ஒட்டியிருந்த முதலெழுத்தை வைத்து மறுபடி பிரித்தோம். க போட்ட பெரிய போத்தல் 92, கெட்டது 64. மற்ற இருவர் போட்ட பெரிய போத்தல் 28, கெட்டது 20. க போட்ட சின்னப் போத்தல் 18, கெட்டது 3. மற்றவர்களுடையது 106, கெட்டது 16. பெரியதில் எல்லோருக்கும் பத்துக்கு ஏழு கெட்டது. சின்னதில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. கையால் எந்த வித்தியாசமும் இல்லை. பெரிய போத்தலில் வேலை சிரமம் என்று வேகமான கைக்கு அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஆய்வுகூடத்தில் பாவித்த கருவி வெப்பநிலையைத் தானே அளந்து, 121 வந்த பிறகுதான் நேரத்தை எண்ணும். இங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை. குக்கரின் குண்டு ஆடினால் 15 இறாத்தல், 15 இறாத்தல் என்றால் 121 என்று நம்பினோம்.

பருப்பும் அழுத்தமும்

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மூத்தவரிடம் குக்கரில் எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தாள்ல உள்ளபடிதான் மிஸ். ஆனா இங்க குக்கர நம்பி ஒண்ணும் செய்ய ஏலாது. வெள்ளவத்தையில வேல செஞ்ச வீட்டுல மூணு விசில்ல கடலை பூவா வெந்துரும். அதே கடலை, இங்க ஆறு விசில் வச்சாலும் பல்லுல கடிபடும். மலையில அப்படித்தானுங்க" என்றார்.

கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்: உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அந்தத் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். குக்கரின் குண்டு காட்டுவது வெளி அமுக்கத்துக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும்தான். கடற்கரையில் வெளி அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல், அதோடு 15 சேர்ந்தால் 29.7, அப்போது நீராவி 121 பாகையில் இருக்கும். இந்த உயரத்தில் வெளி அமுக்கம் 12க்கும் சற்றுக் கீழே. 15 சேர்த்தாலும் 27 வராது. நீராவி 118 பாகையில் நின்றுவிடும்.

மூன்று பாகைதானே என்று விட முடியாது. சூட்டைத் தாங்கும் பற்றீரிய வித்திகளுக்கு, வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அதே அளவு அழிக்கப் பத்து மடங்கு நேரம் வேண்டும். மூன்று பாகை குறைந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே நாங்கள் கொடுத்த 20 நிமிடத்தின் பலன் பத்து நிமிடத்தினுடையதுதான்.

ஆனால் அது மட்டும்தான் காரணமென்றால் சின்னப் போத்தலும் அதே அளவு கெட்டிருக்க வேண்டும். ஊரில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து உச்ச வெப்பமானி ஒன்றை இரவலாக வாங்கி, கீழ் அடுக்கிலுள்ள பெரிய போத்தலுக்குள் வைத்து வழக்கம்போல் ஓட்டினோம். காட்டியது 109. நிறம் மாறும் நாடாவில் கறுப்புக் கோடு அழகாக விழுந்திருந்தது.

குக்கரை இரண்டு அடுக்காக நெருக்கி நிரப்பியிருந்தார்கள். மூடியவுடனே குண்டைப் போட்டுவிடுவார்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியே போகவே இல்லை. காற்றும் நீராவியும் கலந்திருந்தால் அழுத்தம் 15 காட்டும், வெப்பம் அதற்குரிய அளவுக்கு ஏறாது. அதற்கு மேல், பெரிய போத்தலில் 50 மில்லிலீற்றர் ஊடகம். நடுப்பகுதி சூடேறுவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

வெற்றுப் போத்தல் சோதனை

காரணம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றினாலும், ஒன்பது பேருக்கும் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது. முக்கியமாகக் க-வுக்கு. பழைய முறையில் 20 பெரியது, 20 சின்னது வேகவைத்து, செடி எதுவும் வைக்காமல், மூடியைத் திறக்காமல், வளர்ப்பு அறையில் அடுக்கினோம். ஒருவர் கையும் படாத போத்தல்கள்.

ஏழாம் நாள் பெரியதில் 13, சின்னதில் 2 கலங்கியிருந்தது.

அன்று க-வையும் வரச் சொல்லியிருந்தோம். கலங்கிய போத்தல் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு போட்டது?" என்று கேட்டார். யாரும் போடவில்லை என்றேன். கைராசி பற்றி முதலில் பேசியவர் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

கூட்டம் வைத்துப் பேசி எடுத்த முடிவுகள் இவை. குக்கரில் ஓர் அடுக்குத்தான், போத்தலுக்குப் போத்தல் விரல் நுழையும் இடைவெளி. மூடியபின் ஆவி இடைவிடாமல் சீறத் தொடங்கி 10 நிமிடம் கழித்துத்தான் குண்டு. குண்டு ஆடியதிலிருந்து 40 நிமிடம். பெரிய போத்தலிலும் 20 மில்லிலீற்றருக்கு மேல் ஊடகம் ஊற்றுவதில்லை. ஒவ்வொரு குக்கரிலும் மூன்று போத்தலை வெறுமையாக ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றில் செடி.

உறுப்பினர் ஒருவரின் மகன், குண்டின் மேல் ஒரு நட்டைக் கட்டினால் அழுத்தம் 18 ஆகிவிடுமே என்றான். கணக்குச் சரி. ஆனால் அந்தக் குக்கர் 15க்குச் செய்யப்பட்டது. அதற்கு மேல் ஏற்றினால் மூடி பறக்கும், பக்கத்தில் நிற்பவர் முகம் வெந்துபோகும். அதை அப்போதே மறுத்தோம். அழுத்தத்தை ஏற்ற முடியாத இடத்தில் நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். நேரம் கூடினால் சீனி சற்றுக் கருகி ஊடகம் தேநீர் நிறத்துக்கு வரும், அகார் கொஞ்சம் இளகும். அகாரை 8 கிராமாக்கினோம். செடி வளர்ச்சியில் குறை தெரியவில்லை.

மறுபடி வெற்றுச் சோதனை: 40 போத்தல், பத்து நாள், ஒன்றும் கெடவில்லை.

சுத்தமான போத்தலுக்கு மட்டும் காசு என்ற விதியை எடுத்துவிட்டு, நாள் கணக்கில் கொடுப்பதென்று முடிவானது. இதற்கு எதிர்ப்பு இருந்தது. கவனம் குறையும் என்று தலைவி பயந்தார். நான் ஒன்று சொன்னேன்: கெட்டால் காசு போகுமென்றால் கெட்டதை மறைக்கத்தான் தோன்றும், மறைத்த போத்தல் அலுமாரி முழுவதையும் கெடுத்துவிடும். ஒக்டோபரில் வெட்டிய காசு குழு நிதியிலிருந்து மூவருக்கும் திரும்பக் கொடுக்கப்பட்டது. க-வுக்கு 2,680 ரூபா. காசை வாங்கிக்கொண்டு, பெட்டி வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்றார். வற்புறுத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "கொப்பியில யாரு கைன்னு எழுதுற எடத்துல, எந்த நாளு, எந்தக் குக்கர், எந்த அடுக்குன்னு மொதல்ல எழுதுங்க மிஸ். கை கடைசியில இருக்கட்டும்."

கொப்பியின் நிரல்கள் இன்றும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

பின்னர் நடந்தவை

டிசெம்பரில் போட்ட 240 போத்தலில் 15 கெட்டது. அதில் ஒன்பது, ஒரே தாய்ப் போத்தலிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் அடித்தண்டைச் சுற்றிப் பால் வளையம். அந்த வம்சம் முழுவதையும் வேகவைத்துக் கொட்டினோம். நன்றாக இருந்த செடிகளும் அதில் போயின. பெண்களுக்கு மனமே வரவில்லை, ஆனால் உள்ளே பற்றீரியா உள்ள செடியைப் பெருக்கினால் அதையும் சேர்த்துத்தான் பெருக்குவோம்.

அடுத்த அடி வெளியே எடுத்தபோது விழுந்தது. ஜனவரிக் கடைசியில் 300 செடியைத் தும்புத்தூள் நிரப்பிய பெட்டிகளில் நட்டோம். போத்தலுக்குள் ஈரப்பதம் நிறைந்த காற்றில் வளர்ந்த செடிக்கு இலையின் மெழுகுப் படை மெல்லியது, இலைவாய் மூடவும் சரியாகத் தெரியாது. வெளியே வந்ததும் தண்ணீரை இழந்து துவண்டுவிடும். அந்த மாதத்தில் பகலில் வறண்ட காற்று, விடியற்காலையில் புல்லில் உறைபனி. பத்து நாளில் 118 செடி மிஞ்சியது. உறைபனிக் காலமென்று தெரிந்தும் அவசரப்பட்டோம். நவம்பரில் இழந்த நாட்களைப் பிடிக்க வேண்டுமென்ற அவசரம்.

மார்ச்சில் 420 செடி. இந்தத் தடவை முதல் வாரம் பொலித்தீன் மூடி, இரண்டாம் வாரம் நாளுக்கு நாள் சற்றுச் சற்றாகத் திறந்து, நிழல்வலைக்குக் கீழே வைத்தோம். 371 பிழைத்தது. அழுக்கணவன் நுழையாத சின்னக்கண் வலை சுற்றிலும். தோட்டத்து மண் ஒரு பிடி கூட உள்ளே வரவில்லை. நுவரெலியாப் பக்கத்து மண்ணில் உருளைக்கிழங்கு வட்டப்புழு இருக்கிறது. அதன் கூடு வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். சப்பாத்துக்கு வாசலில் கால் நனைக்கும் தட்டு வைத்தோம்.

ஜூன் கடைசியில் பெட்டிகளைக் கவிழ்த்தோம். நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சங்காய் வரை அளவில், மஞ்சள் தோலோடு, 1,150 குறுங்கிழங்கு. க தன் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். பெப்ரவரியிலேயே அவர் பெட்டி வேலைக்குத் திரும்பிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் காலையில் வந்து கையைக் கழுவி, மதுசாரம் பூசி, உட்கார்ந்தாராம்.

இனி மாற்ற வேண்டியவை

பயிற்சித் தாளை எழுதும்போதே இடத்தின் உயரத்தைக் கேட்டிருக்க வேண்டும். அழுத்தத்தை மட்டும் எழுதி வெப்பநிலையை அளக்காமல் விட்டது என் பிழை. ஆயிரம் அடி ஏற ஏற ஏறத்தாழ அரை இறாத்தல் அழுத்தம் கூட்ட வேண்டும், கூட்ட முடியாத குக்கரில் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று இப்போது நான் கொடுக்கும் தாளில் முதல் வரியாக இருக்கிறது. பண்டாரவளை, அட்டன், நுவரெலியா, ஒவ்வோர் ஊருக்கும் வேறு கணக்கு. கண்டியில் பழகிய எண்ணை மேலே கொண்டுபோகக் கூடாது.

வெற்றுப் போத்தல் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு வாரத்தில், சீனியும் அகாரும் தவிர வேறு செலவில்லாமல், எல்லாம் தெரிந்திருக்கும். நிறம் மாறும் நாடா சூடு பட்டது என்பதற்குத்தான் சாட்சி, போதிய சூடு போதிய நேரம் பட்டது என்பதற்கு அதை நம்ப முடியாது.

ஒருவரைப் பெட்டியிலிருந்து எழுப்புவதற்கு முன், கெட்ட போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க எனக்கு அரை மணித்தியாலம் போதியிருக்கும். இருமலுக்காக ஓய்வு கொடுப்பது வேறு, கெட்டதற்குப் பொறுப்பாக்குவது வேறு என்பதை எல்லோர் முன்னிலும் நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொன்னேன், அதற்குள் லயம் முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. பரவிய பேச்சைத் திரும்ப எடுக்க என்னிடம் குக்கர் கணக்குப் போல ஒரு கணக்கு இல்லை.

விதையென்று வெளியே விற்க அத்தாட்சி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கும் நாட்டில், நல்ல கிழங்குதான் என்று நாங்களே சொல்லி விற்பது சரியாகாது. அதனால் முதல் அறுவடையில் ஒன்றையும் விற்கவில்லை. கிழங்கு முளை கட்டும் வரை வைத்திருந்து, 2024 ஒக்டோபரில் உறுப்பினர்களின் துண்டு நிலத்தில் வலைக்கூடாரத்துக்குள் நட்டார்கள். அத்தாட்சிக்கான பதிவு விண்ணப்பத்தை விவசாயப் போதனாசிரியரின் உதவியோடு நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தின் பொறுப்பாளர் என்ற இடத்தில் தலைவியின் பெயர், ஊடகத் தயாரிப்புப் பொறுப்பாளர் என்ற இடத்தில் க-வின் பெயர்.